டியூஷன் சார் ஏன் நின்றுவிட்டார்?

ஜனவரி மாதம். பப்ளிக் எக்ஸாமுக்கு இன்னும் எட்டு வாரம்தான் இருக்கிறது. டியூஷன் சென்டரில் ப்ளஸ் டூ பேட்ச் மாலை ஐந்தரைக்கே வந்து உட்கார்ந்திருக்கிறது. ஆறு மணிக்கு முன்பின் தெரியாத ஒருவர் உள்ளே வந்து, "இனிமே நான்தான் உங்களுக்கு பிசிக்ஸ்" என்கிறார். பழைய சார் எங்கே என்று யாரும் சொல்வதில்லை. ஆபீஸில் கேட்டால், "அவருக்கு உடம்பு சரியில்லப்பா" என்று பதில் வரும். இரண்டு நாள் கழித்து அதே சார் பஸ் ஸ்டாண்டில் நல்ல உடம்போடு நிற்பதை யாராவது பார்த்துவிட்டு வருவார்கள்.

டியூஷன் படித்த எவருக்கும் இந்தக் காட்சி புதிதல்ல. "அவருக்குத் திமிர்", "வேற சென்டர்ல நூறு ரூபா அதிகமா கொடுத்தாங்களாம்" என்று இரண்டு நாள் பேசிவிட்டு எல்லோரும் மறந்துவிடுவார்கள். ஆனால் அவர் ஏன் நின்றார் என்ற கேள்விக்கு உண்மையான பதில் அந்தக் கட்டிடத்துக்குள்ளேயே இருக்கிறது. பெரும்பாலும் அது ஒரு கணக்கு. அதுவும் சாதாரண கூட்டல், பெருக்கல் கணக்குதான்.

யார் இந்த டியூஷன் ஆசிரியர்கள்?

2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 28-வது பிரிவு, பள்ளி ஆசிரியர் எவரும் தனியாக டியூஷன் எடுக்கக் கூடாது என்கிறது. அது எந்த அளவுக்கு நடைமுறையில் இருக்கிறது என்பது ஊருக்கே தெரிந்த விஷயம். இருந்தாலும் சென்டர்களில் மாலை நேரத்தில் போர்டு முன்னால் நிற்பவர்களில் பலர் பள்ளி ஆசிரியர்கள் அல்ல. பி.எட். முடித்துவிட்டு டெட் எழுதி, டி.ஆர்.பி. அறிவிப்புக்காகக் காத்திருப்பவர்கள். இன்ஜினியரிங் முடித்து வேலை கிடைக்காதவர்கள். எம்.எஸ்ஸி. மேத்ஸ் படித்து, கல்யாணமாகி, பகலில் வீட்டை விட்டு வர முடியாத பெண்கள். குரூப் டூவுக்குப் படித்துக்கொண்டே மாலையில் பாடம் எடுப்பவர்கள். "தற்காலிகமா ஒரு ஆறு மாசம்" என்று உள்ளே வந்து பத்து வருடம் கழித்தும் அங்கேயே நிற்பவர்களும் உண்டு.

இவர்களுக்குப் பொதுவாக மாதச் சம்பளம் கிடையாது. ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு என்றுதான் பேச்சு. அந்தப் பேச்சும் வாய்ப்பேச்சுதான். காகிதத்தில் ஒன்றும் இருக்காது.

ஒரு சின்னக் கணக்கு

ஒரு மணி நேரத்துக்கு 200 ரூபாய் என்று வையுங்கள். சில இடங்களில் இதைவிடக் குறைவு, பெரிய கோச்சிங் சென்டர்களில் மிக அதிகம். கணக்குக்காக 200. மாலை ஐந்தரை முதல் எட்டரை வரை மூன்று மணி நேரம், மாதம் 25 நாள். மொத்தம் 75 மணி நேரம், 15,000 ரூபாய். "மூணு மணி நேர வேலைக்கு பதினஞ்சாயிரம், நல்ல சம்பளம்தானே?" என்றுதான் கேட்கத் தோன்றும்.

இனி கணக்கில் வராததைப் பாருங்கள். ஒரு நாளைக்குப் பாடம் தயாரிக்க ஒரு மணி நேரம்: மாதம் 25 மணி. வாரம் ஒரு டெஸ்ட். ஒரு பேட்ச்சில் 40 பேர், ஒரு பேப்பர் திருத்த 6 நிமிடம் என்றால் 4 மணி நேரம் ஆகும். இரண்டு பேட்ச், மாதம் நாலு டெஸ்ட்: 32 மணி. இரவு பத்து மணிக்கு மேல் வாட்ஸ்அப்பில் வரும் சந்தேகங்கள், "எம் பையன் ஏன் மார்க் குறைஞ்சான்?" என்று கேட்கும் பெற்றோரின் போன் எல்லாம் சேர்த்து நாளைக்கு அரை மணி: மாதம் பன்னிரண்டரை மணி. ஆக மொத்தம் 69.5 மணி நேர வேலைக்குக் காசே கிடையாது.

உண்மையில் அவர் வேலை செய்தது 144.5 மணி நேரம். 15,000-ஐ அதால் வகுத்தால் மணிக்குச் சுமார் 104 ரூபாய் வருகிறது. பேசியது 200, கையில் நிற்பது அதில் ஏறக்குறைய பாதி.

கணக்கு இதோடும் முடியவில்லை. ஏப்ரல், மே மாதங்களில் பேட்ச் இல்லை என்றால் சம்பளமும் இல்லை. பத்து மாதச் சம்பளத்தைப் பன்னிரண்டு மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 12,500-தான். நவம்பரில் மழை பெய்து கலெக்டர் லீவு விட்டால், பள்ளி ஆசிரியருக்கு அது விடுமுறை. டியூஷன் ஆசிரியருக்கு அது 600 ரூபாய் நஷ்டம். பிறகு அந்தப் பாடத்தை முடிக்க ஞாயிற்றுக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் வைப்பார்கள். அதற்குக் காசு உண்டா இல்லையா என்பது ஓனரின் மனநிலையைப் பொறுத்தது.

இந்தக் கணக்கில் மாணவர்களுக்கு என்ன வந்தது? நிறைய வந்தது. காசு கிடைக்காத வேலை எதுவோ அதில்தான் முதலில் கை வைக்க வேண்டியிருக்கும். பேப்பர் திருத்துவது வெறும் டிக் மார்க்காக மாறும். "அடுத்த வருஷம் இந்த சம் வராது, விடுங்க" என்று பாடம் சுருங்கும். வாழ்வதற்காக அவர் காலையில் ஒரு சென்டர், மாலையில் ஒரு சென்டர், ராத்திரி ஒரு வீட்டு டியூஷன் என்று ஓடுவார். களைத்துப்போன ஆசிரியரிடம் களைத்துப்போன மாணவன் படிக்கிறான்.

பெண் ஆசிரியர்களின் நிலைமை இன்னும் ஒரு படி கீழே. எட்டரை மணிக்கு வகுப்பு முடிந்து, ஒன்பது மணிக்கு பஸ் பிடித்து, அதன்பின் வீட்டில் சமையல். மகப்பேறு நலச் சட்டம் 2017-ல் திருத்தப்பட்டு, சம்பளத்தோடு 26 வாரம் விடுப்பு என்றானது. ஆனால் மணிக்கணக்கில் வந்து போகும் "மிஸ்"ஸிடம் யாரும் அந்தச் சட்டத்தைப் பற்றிப் பேசுவதில்லை. "குழந்தை பொறந்து செட்டிலானதும் வாங்க மிஸ்" என்று சிரித்த முகத்தோடு அனுப்பிவிடுவார்கள். திரும்பி வரும்போது அந்த இடத்தில் வேறொரு மிஸ் இருப்பார்.

இன்னொன்றும் உண்டு. 2021-ல் தமிழ்நாடு சட்டமன்றம் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று சொன்னது. ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றவர்களுக்குக் கிடைத்த நியாயம் அது. டியூஷன் சென்டரில் பெஞ்சு எல்லாம் மாணவர்களுக்கு. போர்டுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி இருந்தாலும், சார் உட்கார்ந்து பாடம் எடுப்பதை சிசிடிவியில் பார்த்தால் ஓனரிடமிருந்து போன் வரும்.

தொழில், ஆனால் தொழிலாளி இல்லை!

இவ்வளவு நடந்தும் இவர்கள் ஏன் லேபர் கோர்ட்டுக்குப் போவதில்லை என்று கேட்கலாம். இங்கேதான் சட்டத்தின் வேடிக்கை ஆரம்பிக்கிறது.

1978-ல் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, கல்வி நிறுவனமும் ஒரு "தொழில்"தான் என்று தீர்ப்பளித்தது. பத்து வருடம் கழித்து 1988-ல், கோவாவில் பள்ளி வேலையை இழந்த சுந்தராம்பாள் என்ற ஆசிரியையின் வழக்கு அதே நீதிமன்றத்துக்கு வந்தது. கற்பிப்பது உடல் உழைப்பும் அல்ல, எழுத்தர் வேலையும் அல்ல, தொழில்நுட்ப வேலையும் அல்ல. அது ஓர் உன்னதப் பணி. ஆகவே தொழில் தகராறுச் சட்டப்படி ஆசிரியர் "தொழிலாளி" ஆக மாட்டார். இதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம்.

இரண்டையும் சேர்த்துப் படித்தால் என்ன கிடைக்கிறது? பள்ளிக்கூடம் ஒரு தொழில். அங்கே பஸ் ஓட்டுபவர் தொழிலாளி, ஃபீஸ் ரசீது போடும் கிளார்க் தொழிலாளி. பாடம் எடுப்பவர் மட்டும் தொழிலாளி இல்லை!

அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளி ஆசிரியருக்காவது தமிழ்நாட்டில் 1973 முதல் ஒரு தனிச் சட்டம் இருந்தது. அதற்குப் பதிலாக 2018-ல் இயற்றிய புதிய சட்டம் வந்தது. நினைத்தவுடன் வேலையை விட்டுத் தூக்க முடியாதபடி சில தடுப்புகள் அவற்றில் உண்டு. டியூஷன் சென்டர் அங்கீகாரம் பெற்ற பள்ளி இல்லை என்பதால் அந்தக் குடையும் இவர்களுக்குக் கிடையாது.

2025 நவம்பர் 21 அன்று நான்கு புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. பழைய தொழில் தகராறுச் சட்டம் போய்விட்டது. ஆனால் தொழிலாளி யார் என்ற வரையறையில் ஏறக்குறைய அதே பழைய பட்டியல்தான். பத்திரிகையாளரையும், மருந்துக் கம்பெனி ரெப் போன்ற விற்பனை ஊழியரையும் பெயர் சொல்லிச் சேர்த்தவர்கள் ஆசிரியரை மறந்துவிட்டார்கள். வேலைக்குச் சேரும் எல்லோருக்கும் பணி நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும் என்ற நல்ல விதி ஒன்று புதிய தொகுப்பில் இருக்கிறது. ஆனால் அது பத்துப் பேராவது வேலை செய்யும் இடங்களுக்குத்தான். மாடி வீட்டில் ஐந்து ஆசிரியர்களோடு நடக்கும் சென்டர் அதற்குள் வராது. வருகிற பெரிய சென்டர்களோ "இவர் எங்கள் ஊழியர் இல்லை, விசிட்டிங் ஃபேகல்டி" என்று சொல்லிவிடும். சம்பளம் என்ற சொல்லே இல்லாமல் "புரொபஷனல் ஃபீஸ்" என்று வவுச்சர் போட்டுவிட்டால் பி.எஃப். இல்லை, இ.எஸ்.ஐ. இல்லை.

அதே சென்டர் மாணவரிடம் வாங்கும் கட்டணத்துக்கு அரசாங்கம் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. போடுகிறது. பள்ளிக் கட்டணத்துக்கு இந்த வரி இல்லை. கோச்சிங்குக்கு மட்டும் உண்டு. காரணம், அது வியாபாரம். ஆக, வரி வாங்கும்போது இது வியாபாரம், கூலி கொடுக்கும்போது மட்டும் உன்னதப் பணி. இரண்டில் ஒன்றைத்தான் சொல்ல முடியும்.

சட்டத்தை மாற்ற முடியாதா? முடியும். மாற்றியும் இருக்கிறார்கள். கிராஜுவிட்டி விஷயத்திலும் ஆசிரியர்கள் "ஊழியர்" என்ற வரையறைக்குள் வர மாட்டார்கள் என்று 2004-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2009-ல் நாடாளுமன்றம் வரையறையைத் திருத்தி, 1997 ஏப்ரல் 3 முதலே ஆசிரியர்களுக்கும் கிராஜுவிட்டி உண்டு என்று ஆக்கியது. தனியார் பள்ளிகள் எதிர்த்து வழக்குப் போட்டன. 2022-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தம் செல்லும் என்றது. ஆசிரியரை உன்னதமானவர் என்று சொல்லிக்கொண்டே, அவருக்குச் சேர வேண்டியதையும் கொடுக்கலாம் என்பதற்கு இது ஒன்றே போதும்.

சம்பளம் நின்றால் வகுப்பும் நிற்கும்

இதெல்லாம் ஆசிரியரின் சொந்தப் பிரச்சினை, பெற்றோருக்கு என்ன என்று நினைப்பவர்கள் 2025 ஜனவரியைப் பார்க்க வேண்டும். நொய்டா, காசியாபாத், டெல்லி போன்ற இடங்களில் ஃபிட்ஜி என்ற பெரிய கோச்சிங் நிறுவனத்தின் மையங்கள் திடீரென்று மூடப்பட்டன. மாதக்கணக்கில் சம்பளம் வராததால் ஆசிரியர்கள் வெளியேறினார்கள் என்று செய்திகள் வந்தன. நிறுவனமோ, மையங்களை நடத்தியவர்களே விட்டுவிட்டுப் போனதுதான் காரணம் என்று விளக்கம் சொன்னது. யார் சொல்வது சரி என்பது ஒரு பக்கம். ஜே.இ.இ. மெயின் தேர்வு நடக்கிற அதே மாதத்தில், லட்சக்கணக்கில் கட்டணம் கட்டிய பெற்றோர்கள் பூட்டிய கதவு முன்னால் நின்றதுதான் நடந்தது.

இது இந்தியாவுக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. ஜப்பானில் நோவா என்ற ஆங்கிலப் பயிற்சி நிறுவனம் ஊருக்கு ஊர் கிளை வைத்திருந்தது. 2007 அக்டோபரில் அது கவிழ்ந்தபோது ஆயிரக்கணக்கான வெளிநாட்டு ஆசிரியர்கள் சம்பளம் இல்லாமல் நின்றார்கள். முன்பணம் கட்டிய லட்சக்கணக்கான மாணவர்களுக்கும் வகுப்பு இல்லாமல் போனது. ஆனால் அங்கே இரண்டு விஷயம் இருந்தது. ஆசிரியர்களுக்குச் சங்கம் இருந்தது. திவாலான நிறுவனத்தின் ஊழியருக்கு நிலுவைச் சம்பளத்தில் 80 சதவீதம் வரை அரசே முன்வந்து கொடுக்க 1976 முதலே ஒரு சட்டம் இருந்தது. இங்கே டியூஷன் ஆசிரியர்களுக்கு அந்த இரண்டுமே இல்லை.

ஓனர் பக்க நியாயம்

ஒரு பக்கம் மட்டும் பேசினால் அது நியாயம் ஆகாது. தெருமுனையில் சென்டர் நடத்துபவர் கோடீஸ்வரர் இல்லை. அவரே நேற்று வரை வேறொரு சென்டரில் மணிக்கணக்கில் பாடம் எடுத்தவராக இருப்பார். கட்டிட வாடகை, அட்வான்ஸ், கரண்ட் பில், நோட்டீஸ் அடிக்கும் செலவு என்று எல்லாம் அவர் தலையில்தான். ஃபீஸை மூன்று மாதம் இழுத்துவிட்டு, தேர்வு முடிந்ததும் காணாமல் போகும் வீடுகளும் உண்டு. பக்கத்துத் தெருவில் 200 ரூபாய் குறைத்து இன்னொரு சென்டர் திறந்தால் பாதி பேட்ச் அங்கே போய்விடும். நன்றாகப் பாடம் எடுக்கும் ஆசிரியர் பாதி வருடத்தில் மாணவர்களையும் அழைத்துக்கொண்டு தனியாக சென்டர் ஆரம்பிப்பதும் நடக்கிறது.

அந்தப் பயத்தில்தான் சில இடங்களில் ஆசிரியரின் ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கிப் பூட்டி வைக்கிறார்கள். பயம் உண்மை, ஆனால் மருந்து தப்பு. மாணவரின் அசல் சான்றிதழைக் கல்லூரிகள் வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்று யு.ஜி.சி. 2018-ல் அறிவித்தது. மாணவருக்குத் தப்பு என்றால் அவருக்குப் பாடம் எடுப்பவருக்கு மட்டும் எப்படிச் சரியாகும்? சர்டிபிகேட் பெட்டிக்குள் இருக்கும்வரை அவர் வேறு வேலைக்கு இன்டர்வியூ கூடப் போக முடியாது. பயந்து தங்கியிருக்கும் ஆசிரியர் நல்ல ஆசிரியராக இருப்பது கஷ்டம். ஆசிரியர் பாதியில் ஓடிவிடக் கூடாது என்றால் அதற்கு வழி ஒப்பந்தம். இரண்டு பக்கமும் ஒரு மாத நோட்டீஸ் என்று எழுதிக்கொள்வதில் ஓனருக்கும் லாபம்தான்.

என்ன செய்யலாம்?

பெரிய புரட்சி ஒன்றும் தேவையில்லை. ஐந்து விஷயங்கள் போதும்.

ஒன்று, சென்டர் சின்னதோ பெரியதோ, மணிக்கு எவ்வளவு, மாதம் எத்தனை மணி, சம்பளத் தேதி என்ன என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும்.

இரண்டு, பேப்பர் திருத்துவதற்கும் ஸ்பெஷல் கிளாஸுக்கும் தனியாகக் காசு கொடுக்க வேண்டும். போர்டு முன்னால் நிற்கும் நேரம் மட்டும் வேலை நேரம் இல்லை.

மூன்று, வாரம் ஒரு நாள் லீவு. இது புதிய கோரிக்கையே இல்லை. மத்தியக் கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் வெளியிட்ட கோச்சிங் சென்டர் வழிகாட்டு நெறிமுறைகளில், மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் வார விடுமுறை வேண்டும், ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வகுப்பு கூடாது என்று இருக்கிறது. பட்டப்படிப்புக்குக் குறைவான தகுதி உள்ளவரை ஆசிரியராக வைக்கக் கூடாது என்றும் அது சொல்கிறது. தகுதிக்கு வரம்பு வைத்தவர்கள் சம்பளத்துக்கும் ஒரு வரம்பு வைத்திருக்கலாம். மேலும் அது வழிகாட்டுதல் மட்டும்தான், மாநில அரசு சட்டமாக்கினால்தான் அதற்குப் பல் முளைக்கும்.

நான்கு, சர்டிபிகேட்டை வாங்கி வைக்கும் பழக்கம் நிற்க வேண்டும்.

ஐந்து, கற்பிப்பவரும் தொழிலாளிதான் என்று சட்டத்தில் ஒரு வரி சேர்க்க வேண்டும். கிராஜுவிட்டிக்குச் செய்ததை இதற்கும் செய்யலாம்.

சட்டம் வரும்வரை பெற்றோரும் மாணவர்களும் சும்மா இருக்க வேண்டியதில்லை. சென்டரில் சேர்க்கப் போகும்போது எல்லோரும் கேட்பது "போன வருஷம் எத்தனை சென்டம்?" என்றுதான். அதோடு இன்னும் இரண்டு கேள்வி கேட்கலாம். "இந்த சார் இங்கே எத்தனை வருஷமா இருக்கார்?", "வருஷ நடுவுல மாற மாட்டாரே?" வாசலில் ஒட்டியிருக்கும் மாணவர் போட்டோக்களை விட அந்தப் பதில்கள் சென்டரைப் பற்றி அதிகம் சொல்லும். பத்துப் பெற்றோர் கேட்டால் ஓனர் யோசிப்பார். நல்ல சாரைத் தக்க வைப்பது லாபம் என்று தெரிந்தால் அவரே சம்பளத்தைக் கூட்டுவார்.

அடுத்த ஜனவரியிலும் ஏதாவது ஒரு சென்டரில் ஒரு சார் நின்றுவிடுவார். உடம்பு சரியில்லை என்று ஆபீஸில் சொல்வார்கள். அந்த பேட்ச்சில் ஒருவனாவது எழுந்து, "அவருக்குக் கொடுக்க வேண்டிய சம்பளத்தைக் கொடுத்துட்டீங்களா சார்?" என்று கேட்டால் நன்றாக இருக்கும்.